நடந்து வந்தார்

அழைப்பில் வந்த விவரம் இவ்வளவுதான்: நாற்பத்தைந்து வயதுப் பெண், கையில் கத்தரிக்கோல், குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டிருக்கிறாள், மனநிலை சரியில்லை, தாக்கக்கூடும். நான்காவது மாடி என்பதையும் சொன்னார்கள். லிஃப்ட் கிடையாது என்பதை மட்டும் சொல்லவில்லை. அதை ஆம்புலன்ஸ்காரர்கள் எப்போதும் போய் நின்றுதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வந்தவர்கள் இருவர். வண்டி ஓட்டுபவருக்கு நிலையத்தில் அரைமணி என்று பட்டப்பெயர். மனம் கலங்கியவர்களை வண்டியில் ஏற்ற அவரிடம் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. "சும்மா ஒரு செக்கப்புதான், அரை மணி நேரத்துல நானே திரும்பக் கொண்டாந்து விட்டுடுறேன்." இருபத்திரண்டு வருடமாக இதையே சொல்லி வந்தார். ஒருவரையும் அவர் அரை மணி நேரத்தில் திரும்பக் கொண்டுவந்து விட்டதில்லை. அதற்காக வருந்தியதும் இல்லை. கட்டிப் புரண்டு, கடிபட்டு, தூக்கிக்கொண்டு போவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது அவர் கட்சி.

நோயாளியைக் கவனிக்கும் பெண்ணுக்கு நிதானம் என்று பெயர் வைத்திருந்தார்கள். மற்றவர்கள் பத்து நிமிடத்தில் முடிக்கும் இடத்தில் அவளுக்கு முக்கால் மணி ஆகும். கதவுக்கு வெளியே உட்கார்ந்து பேசுவாள். கேட்டதற்கு உள்ளதைச் சொல்வாள். எட்டு வருடத்தில் இப்படிப்பட்ட அழைப்புகளில் ஒருவரையும் அவள் பொய் சொல்லி ஏற்றியதில்லை, கட்டியதும் இல்லை. வண்டியில் நிரப்பும் தாளில் 'நோயாளி வண்டிக்கு வந்த விதம்' என்று ஒரு இடம் உண்டு. அங்கே மற்றவர்கள் 'கட்டி', 'தூக்கி' என்று கிறுக்குவார்கள். அவள் ஒவ்வொரு முறையும் தெளிவான எழுத்தில் 'நடந்து வந்தார்' என்று எழுதுவாள். எழுபத்தெட்டு முறை எழுதியிருக்கிறாள். எண்ணிக்கை வைத்திருப்பதை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த நிதானத்துக்கு அடியில் என்ன இருந்தது என்றும் யாருக்கும் தெரியாது. பெரும்பாலும் அருவருப்புதான் இருந்தது. வாடை மேல் அல்ல, வாடை பழகிவிடும். அழைத்தவர்கள் கதவைத் திறந்ததும் முதலில் சொல்லும் வார்த்தை அவளுக்குப் பழகவில்லை. "கூட்டிட்டுப் போங்க" என்பார்கள். என்ன ஆயிற்று என்று பிறகுதான் சொல்வார்கள், அதுவும் கேட்டால்.

மூன்றாவது மாடி திரும்பும்போதே தண்ணீர் படிகளில் இறங்கி வந்தது. சாக்கடைத் தண்ணீர். அரைமணி மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஐயோ சாமி, மேல இருக்கிறது வீடா, கழிவுநீர் நிலையமா" என்றார். படிக்கட்டில் அக்கம்பக்கத்தார் நான்கைந்து பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்கள். ஒரு அம்மாள் படம் எடுத்துக்கொண்டே, "பாவம்" என்றாள்.

வீட்டுக் கூடத்தில் கணுக்கால் நனையும் அளவு தண்ணீர். நாற்காலிகள் தண்ணீரில் நின்றன. சோபா மேல் மட்டும் புத்தம் புதிய பெட்டிகள் நான்கு, வீட்டுக்கு வந்த சம்பந்திகள் மாதிரி வரிசையாக வீற்றிருந்தன. ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் பெயர் எழுதிய அட்டை. அரைக்கால் சட்டையோடு நின்ற மனிதர் உள்ளே பூட்டிக்கொண்டிருந்தவளின் தம்பி. பக்கத்தில் துடைப்பத்தோடு அவர் மனைவி. குளியலறைக் கதவுக்கு எதிரே ஒரு காவலர், பூட்ஸ் நனையாமல் இருக்கக் கவிழ்த்த வாளியின் மேல் ஏறி நின்றிருந்தார்.

"கூட்டிட்டுப் போங்க சிஸ்டர்" என்றாள் தம்பி மனைவி.

"என்ன ஆச்சுன்னு சொல்லுங்க."

"என்ன ஆகல? எட்டு மணிக்கு உள்ள போனவ. மணி மூணு. துணியெல்லாம் வெட்டி ஓட்டையில அடைச்சுட்டா. அதுல தண்ணி போக மாட்டேங்குது, குழாயையும் திறந்து விட்டுட்டா."

தம்பி ஒரு பெட்டியைத் திறந்து கால்சட்டை ஒன்றை எடுத்து உதறிக் காட்டினார். இடது கால் வலது காலைவிட நான்கு விரல் குட்டை. அடுத்ததை எடுத்தார். அதுவும் அப்படியே. மூன்றாவது, நான்காவது.

"பதினோரு பேண்ட் சிஸ்டர். எல்லாத்துலயும் இடது கால். பைத்தியம் இல்லாம யாராவது இப்படிப் பண்ணுவாங்களா?"

நிதானம் ஒன்றை வாங்கிப் பார்த்தாள். வெட்டிய விளிம்பு இரண்டாக மடிக்கப்பட்டு, கண்ணுக்கே தெரியாத தையலில் முடிந்திருந்தது. ஒரு நூல் பிசிறு இல்லை. இவ்வளவு அழகான மடிப்பை அவள் கடையில் காசு கொடுத்தும் வாங்கியதில்லை.

"டெய்லர் கடையில வேலை. பேண்ட் உயரம் குறைக்கிறதுதான் அவ வேலையே" என்றார் தம்பி, தலையைக் குனிந்துகொண்டு.

"எங்க கிளம்புறீங்க?" என்று பெட்டிகளைப் பார்த்துக் கேட்டாள் நிதானம்.

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ராத்திரி ஏழரைக்கு ரயில்" என்றாள் மனைவி. "பத்து நாள். பதினோரு வருஷமா நாங்க ஒரு எடத்துக்கும் போகல சிஸ்டர், கேட்டுக்குங்க. இவளைத் தனியா விட முடியாது. கூட்டிட்டும் போக முடியாது. பத்து நாள் ஆஸ்பத்திரியில இருந்தா அவளுக்கும் நல்லதுதானே. மாத்திரையும் நிறுத்திட்டா."

பாவமான பேச்சுதான். பதினோரு வருடம் என்பது பொய்யாக இருக்காது. ஆனாலும் பேசும்போதே அவள் கை ஒரு பெட்டியின் மேல் தெறித்திருந்த அழுக்குத் துளியை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தது. நிதானத்துக்கு அந்தக் கையைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

காவலர் வாளியின் மேலிருந்து, "மேடம், ரெண்டே உதை. கதவு கழண்டு உள்ள விழும். நீங்க ஊசியைப் போட்டுத் தூக்கிட்டுப் போங்க. எனக்கு நாலு மணிக்கு டூட்டி முடியுது" என்றார்.

"கதவு யார் மேல விழும் சார்?"

"அது அவங்க நிக்கிற எடத்தைப் பொறுத்தது."

தன் பேச்சு தனக்கே பிடித்துப் போய் அவர் சிரித்தார். நிதானம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துக் கதவோரம் போட்டு உட்கார்ந்தாள். தண்ணீர் ஷூவுக்குள் புகுந்து காலுறையில் ஊறியது. வெதுவெதுப்பாக இருந்தது, அதைத்தான் தாங்க முடியவில்லை.

"அக்கா, நான் ஆம்புலன்ஸ்ல வந்திருக்கேன். கதவைத் திறக்கச் சொல்லி வரல. முதல்ல குழாயை மட்டும் மூடுறீங்களா? இங்க எல்லாரும் மிதக்குறோம்."

பிறகு உள்ளே குழாய் நின்றது.

"யார் யார் மிதக்குறீங்க?" குரல் வேகமாக, கரகரப்பாக வந்தது.

"நான், உங்க தம்பி, தம்பி பொண்டாட்டி. போலீஸ்காரர் வாளி மேல நிக்கிறார். பெட்டி மட்டும் சோபா மேல சௌகரியமா இருக்கு."

உள்ளே ஒரு சிரிப்பு கேட்டது. அதே வேகத்தில் அடுத்த கேள்வி வந்தது. "அரை மணி நேரம்னு சொல்லுவாரே ஒருத்தர், அவர் வந்திருக்காரா?"

நிதானம் திரும்பிப் பார்த்தாள். வாசலில் நின்ற அரைமணி இரண்டு கையையும் ஆட்டினார். இல்லை என்று சொல்லச் சொன்னார்.

"வந்திருக்கார் அக்கா."

"ரெண்டு வருஷம் முந்தி அவர்தான் கூட்டிட்டுப் போனார். அந்த அரை மணி நேரம் இருபத்தி நாலு நாள் ஓடிச்சு. கடிகாரத்தை ரிப்பேருக்குக் குடுக்கச் சொல்லு."

காவலர் வாய்விட்டுச் சிரித்தார். அரைமணி காதெல்லாம் சிவந்து படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டார். நிதானத்துக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன இனிப்பு. நான் அப்படி இல்லை என்ற இனிப்பு. அது வந்த கையோடு கூச்சமும் வந்தது.

"கத்திரி எங்க இருக்கு அக்கா?"

"மடியில. அது என் சொந்தக் கத்திரி. நான் யாரையும் குத்த மாட்டேன். பேண்ட்டைத்தான் வெட்டினேன்."

"ஏன் இடது கால் மட்டும்?"

"ரெண்டையும் வெட்டினா சின்ன பேண்ட்னு போட்டுக்குவான். ஊருக்குப் போக முடியக் கூடாதுல்ல." பிறகு குரல் தணிந்தது. "நாலு நாளா தூங்கல. வேலை இருந்துச்சு. சுவத்துக்குள்ள ஒருத்தன் மெஷின் ஓட்டுறான், நிறுத்தவே மாட்டேங்கிறான். உனக்குக் கேக்குதா?"

"எனக்குக் கேக்கல அக்கா. உங்களுக்குக் கேக்குதுன்னு புரியுது. மாத்திரை ஏன் விட்டீங்க?"

"கை நடுங்குது. ஊசியில நூல் கோக்க முடியல. கடையில என்னைப் பட்டன் தெக்கிற வேலைக்குத் தள்ளிட்டாங்க. நான் எத்தனை வருஷத் தையல்காரி, பட்டன் தெக்கவா? மாத்திரையை விட்டேன், கை நின்னுச்சு. அப்புறம் சுவத்துல மெஷின் வந்துடுச்சு."

நிதானம் மனதுக்குள் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டாள். தூக்கமில்லை, காலையிலிருந்து சாப்பாடில்லை, மாத்திரை இல்லை, சுவரில் சத்தம். மருத்துவர் பார்க்கத்தான் வேண்டும். அதில் சந்தேகமில்லை. தம்பி வீட்டார் சொல்வதும் அதைத்தான். ஒரே விஷயத்தை அவர்களும் தானும் சொல்வது அவளுக்குக் கசந்தது.

"அக்கா, டாக்டர் ஒருதடவை பார்க்கணும். கை நடுங்காத வேற மாத்திரை இருக்கான்னு கேட்போம்."

"வந்தா ராத்திரி வீட்டுக்கு வந்துடுவேனா?"

அவள் கேட்டது அந்த ஒன்றுதான். வேறு எதுவும் அவள் கேட்கவில்லை.

"எனக்குத் தெரியாது அக்கா. அது டாக்டர் கையில இருக்கு."

குழாய் மறுபடி திறந்தது.

காவலர் வாளியிலிருந்து இறங்கினார். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "போதும் மேடம். அஞ்சு நிமிஷம் தரேன். அப்புறம் என் முறை." தம்பி நிதானத்தின் காதருகே குனிந்து, "ஏதாவது சொல்லிக் கூப்பிடுங்களேன் சிஸ்டர். மணி மூணே முக்கால்" என்றார். அவர் வாயில் ஏலக்காய் வாசம் அடித்தது. ஊருக்குப் போகிறவர் ஏற்கெனவே முகம் கழுவி, வாய்க்குப் போட்டுக்கொண்டு தயாராக இருந்தார், கால்சட்டை ஒன்றுதான் பாக்கி. கதவடியிலிருந்து தண்ணீர் இன்னொரு அலையாக வந்து அவள் கணுக்காலைச் சுற்றியது. அதில் ஏதோ மிதந்து வந்து காலில் ஒட்டியது. அது என்னவென்று அவள் பார்க்கவில்லை.

"திரும்பக் கொண்டாந்து விட்டுடுறேன் அக்கா" என்றாள். "டாக்டர் பார்த்ததும் நானே கூட்டிட்டு வரேன்."

"நீயேவா?"

"நானே."

"ராத்திரிக்குள்ள?"

"ராத்திரிக்குள்ள."

இதை அவள் பிற்பாடு பலமுறை பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். காவலரின் பூட்ஸ் காரணமா, கால் நனைந்தது காரணமா, எது எத்தனை பங்கு என்று. பூட்ஸ்தான் முழுக் காரணம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அந்த நேரத்தில் அவள் நினைத்தது, இந்தத் தண்ணீரை விட்டு வெளியே போனால் போதும் என்றுதான்.

தாழ் விலகியது. ஒல்லியான பெண். கழுத்தில் அளவெடுக்கும் நாடா தொங்கியது. பாதம் ஊறி வெளுத்திருந்தது. கத்தரிக்கோலைப் பிடிப்பக்கம் முன்னால் வர நீட்டி, "பத்திரம், புதுசா சாணை பிடிச்சது" என்றாள். காவலர் அதை வாங்கி நாளிதழில் சுற்றினார். தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

தையல்காரி செருப்பைப் போட்டுக்கொண்டு ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்தாள். "ராத்திரி வரும்போது இவங்க இருக்க மாட்டாங்கல்ல" என்றாள் நிதானத்திடம், ஏதோ இருவரும் சேர்ந்து போட்ட திட்டம் மாதிரி. தம்பி மனைவி நிதானத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி இருந்தது. நிதானம் படிக்கட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான்கு மாடியும் அவள் தானே இறங்கினாள். செல்போன்கள் அவளோடு கூடவே இறங்கின. "பரவாயில்லையே மேடம், பூனைக்குட்டி மாதிரி வந்துட்டாங்க" என்றார் காவலர். வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்ட அரைமணி, நிதானம் ஏறும்போது, "வா தங்கச்சி, நம்ம கட்சிக்கு" என்று மெதுவாகச் சொன்னார். கேலியாகக்கூடச் சொல்லவில்லை. மனமார வரவேற்றார்.

"பேசாம வண்டியை எடுங்க அண்ணே."

வண்டிக்குள் அவள் செய்ய வேண்டியதை வரிசையாகச் செய்தாள். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை. சர்க்கரை கொஞ்சம் குறைவு. தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்தாள். தையல்காரி பிஸ்கட்டைத் தின்றுகொண்டே குனிந்து பார்த்தாள்.

"உன் பேண்ட்ல மடிப்பு பிரிஞ்சிருக்கே. ராத்திரி வீட்டுக்கு வந்து கழட்டிக் குடு. பத்து நிமிஷ வேலை."

நிதானம் தாளில் குனிந்துகொண்டாள். வண்டிக்கு வந்த விதம் என்ற இடத்தில் பேனாவை வைத்தாள். எப்போதும் சுலபமாக ஓடும் கை ஓடவில்லை. கடைசியில் எழுதினாள். நடந்து வந்தார்.

மருத்துவமனையின் மனநலப் பிரிவு வாசலில் ஒரு மேசை. அதற்குப் பின்னால் சேர்க்கை பார்க்கும் நர்ஸ். ஆம்புலன்ஸ்காரர்களின் வேலை அந்த மேசையோடு முடிந்தது. தாளைக் கொடுப்பார்கள், மேசைக்காரர் தன் தாளில் பார்த்து எழுதிக்கொள்வார், வண்டி அடுத்த அழைப்புக்குப் போய்விடும். எட்டு வருடத்தில் நிதானம் அந்த இன்னொரு தாளை ஒருமுறைகூடப் படித்துப் பார்த்ததில்லை. அவளுடையது அல்லவே அது.

"உங்க கேஸா? அப்ப நிம்மதி" என்றாள் நர்ஸ், அவளைக் கண்டதும். "எப்படி வந்தாங்க?"

"நடந்து வந்தாங்க."

நர்ஸ் ஒரு கட்டத்தில் சரிக்குறி போட்டாள். தையல்காரி பெஞ்சில் உட்கார்ந்து சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் தம்பி காரில் வந்து இறங்கி ஓடி வந்தார். அவருக்கு வேறு வழி இருக்கவில்லை, வெட்டிய கால்சட்டைகளில் ஒன்றைத்தான் போட்டிருந்தார். இடது கணுக்கால் வெளியே தெரிந்தது. நர்ஸ் அதை ஒரு கணம் பார்த்துவிட்டு, "இங்க ஒரு கையெழுத்து சார். பத்து நாள்" என்று தாளைத் திருப்பினாள்.

"பத்து நாளா? டாக்டர் இன்னும் பார்க்கலையே" என்றாள் நிதானம்.

"பார்ப்பார். சொந்த விருப்பத்துல வந்தவங்கன்னா அவசரம் இல்ல. கூட வந்த உறவினர் கையெழுத்துப் போட்டாப் போதும், பத்து நாள் வெச்சுக்கலாம்."

"நடுவுல அவங்களே போகணும்னு சொன்னா?"

"கையெழுத்துப் போட்டவர் வந்து கேக்கணும். அதான விதி." நர்ஸ் பேனா முனையால் பக்கத்துக் கட்டத்தைத் தட்டினாள். "இதுதான் தலைவலி. கட்டாயத்தின் பேரில். கட்டி, தூக்கிக் கொண்டாந்தாங்கன்னா ஒரு நாளைக்குள்ள ரெண்டு டாக்டர் தனித்தனியாப் பார்க்கணும், இங்க இருக்க சம்மதமான்னு அவங்களையே கேக்கணும், உறவினரும் உக்காந்து விளக்கம் சொல்லணும். பாதிப் பேரு மறுநாளே வீட்டுக்குப் போயிடுவாங்க. உங்க ஆளுங்கதான் எப்பவும் நடந்து வந்துடுறாங்களே, எங்களுக்கு வேலையே இல்ல."

பாராட்டாகத்தான் சொன்னாள்.

நிதானம் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துப் படித்தாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, விரல் வைத்துப் படித்தாள். பிறகு இன்னொரு முறை. நர்ஸ் சொன்னது சரியாகத்தான் இருந்தது. முரட்டுத்தனமாக வாரால் கட்டிக் கொண்டுவந்து போட்டவர்களிடம் மறுநாளே இரண்டு பேர் வந்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அவள் கதவுக்கு வெளியே முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, மரியாதையாகப் பேசி, நடத்திக் கூட்டி வந்தவர்களிடம் யாருமே வந்து கேட்கவில்லை. எழுபத்தெட்டு பேர். அந்த எண்ணைத் தான் மிட்டாய் மாதிரி இத்தனை நாள் சப்பிக்கொண்டிருந்தது நினைவு வந்தது. வாய்க்குள் எச்சில் ஊறியது, வாந்திக்கு முன்னால் ஊறுமே, அந்த எச்சில்.

தம்பி பேனா மூடியைக் கழற்றினார்.

"இருங்க சார்" என்றாள். "இந்தக் கட்டத்தை மாத்துங்க சிஸ்டர்."

"ஏன்? நடந்துதானே வந்தாங்க?"

"நான் பொய் சொல்லி நடக்க வெச்சேன். ராத்திரிக்குள்ள வீட்டுல கொண்டாந்து விடுறேன்னு சொன்னேன். அதுக்குத்தான் வந்தாங்க."

நர்ஸ் சலித்துக்கொண்டாள். "எல்லாரும் ஏதாவது சொல்லித்தான் கூட்டிட்டு வர்றீங்க. அதையெல்லாம் நாங்க எழுத ஆரம்பிச்சா இந்த வாசலை மூட வேண்டியதுதான்."

"எழுதுங்க."

"நான் எழுத மாட்டேன். நீங்க எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நாளைக்கு உங்க மேலதிகாரி கூப்பிட்டா என் பேரை இழுக்காதீங்க."

நிதானம் நான்கு வரி எழுதினாள். சரிக்குறியை அடித்துவிட்டுப் பக்கத்துக் கட்டத்தில் புதிதாக ஒன்று போட்டாள். தேதி, நேரம், தன் பணி எண். எழுத்து எப்போதும் போல் அழகாக வரவில்லை.

"அப்ப நான் இருக்கணுமா?" என்றார் தம்பி.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு, சார்" என்றாள் நர்ஸ். "நீங்க விளக்கம் சொல்லணும்."

"ஏழரைக்கு ரயில்மா."

அவர் நிதானத்திடம் திரும்பினார். கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் முகம் குழந்தை மாதிரி கோணியது. "பதினோரு வருஷம் சிஸ்டர். வெளிய கார்ல பெட்டியோட உக்காந்திருக்கா. அவகிட்ட நான் என்னன்னு போய் சொல்றது? நாங்க கெட்டவங்கன்னு எழுதிட்டீங்களா?"

"உங்களைப் பத்தி ஒண்ணும் எழுதல சார். என்னைப் பத்தித்தான் எழுதியிருக்கேன்."

அவர் எதிர்ப் பெஞ்சில் போய் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவரைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. அந்தப் பாவமும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

வண்டியைக் கழுவிவிட்டு வந்த அரைமணி மேசை மேலிருந்த தாளை எட்டிப் பார்த்தார். உதட்டை அசைத்து மெதுவாகப் படித்தார். முடித்ததும் முகத்தில் சிரிப்பு எதுவும் இல்லை.

"இதைப் படிச்சதும் என்னையும்தான் கூப்பிடுவாங்க. நீ ஒண்ணுன்னு எழுதிட்ட. நான் எத்தனைன்னு சொல்றது?"

"எத்தனை அண்ணே?"

காலடியில் எதையோ மிதித்துவிட்டவர் மாதிரி அவளைப் பார்த்தார். "உனக்கு ஒருநாள்தான் பொய்யில வாய் நாறிச்சு. அதுக்குள்ள ஊரையே கூட்டிக் காட்டணுமா?" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

மீதம் இருந்தது பெஞ்சில் இருந்தவளிடம் சொல்வதுதான். நிதானம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கிளம்பலாமா?" என்றாள் தையல்காரி. செருப்பைக் கழற்றாமலே இருந்தாள்.

"அக்கா, நான் பொய் சொன்னேன். இன்னைக்கு உங்களை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக என்னால முடியாது. சொல்லும்போதே எனக்குத் தெரியும். நாளைக்குக் காலையில ரெண்டு டாக்டர் தனித்தனியா வந்து, இருக்கீங்களா போறீங்களான்னு உங்களையே கேப்பாங்க. கை நடுங்குற விஷயத்தை அவங்ககிட்ட சொல்லுங்க. அவங்க என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாது."

தையல்காரி அவளை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கலக்கம் எதுவும் இல்லை.

"என் தம்பி ஞாயித்துக்கிழமையே என் மூஞ்சியைப் பார்த்து நேரா சொன்னான். உன்னை ஆஸ்பத்திரியில விட்டுட்டுத்தான் போகப் போறோம், எங்களால முடியலன்னு. அவன் மேல கோபம் வந்துச்சு, பேண்ட்டை வெட்டினேன். உன்னை என்ன பண்ணட்டும்?"

நிதானம் குனிந்து தன் நனைந்த ஷூவைப் பார்த்தாள்.

"தள்ளு" என்றாள் தையல்காரி. எழுந்து எதிர்ப் பெஞ்சுக்குப் போய்த் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் தலையை நிமிர்த்தாமலே கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். சற்றுப் பொறுத்து, "ஏதாவது சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

"பிஸ்கட்."

தாளின் நகல் ஒன்றை நோயாளி கையில் கொடுக்க வேண்டும் என்பது விதி. நிதானம் அதை எடுத்துக்கொண்டு போய் நீட்டினாள். தையல்காரி கையை மடியில் வைத்துக்கொண்டாள். "அவன்கிட்ட குடு. உன் கையால எனக்கு எதுவும் வேண்டாம்."

தம்பி வாங்கி, படிக்காமல் நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வெளியே வண்டியின் ஹாரன் ஒருமுறை அடித்தது. அடுத்த அழைப்பு வந்திருக்க வேண்டும். நிதானம் நின்ற இடத்திலேயே நின்றாள். அக்காவும் தம்பியும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. இவள் எப்போது போவாள் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.